மாத்திரை முதலில், காப்பி பிறகு!

தைராய்டு நோய் உள்ளவர்கள் எதைச் சாப்பிடலாம்? எதைத் தள்ளவேண்டும்?

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே விரலை வையுங்கள். எச்சிலை விழுங்குங்கள். உள்ளே ஏதோ ஏறி இறங்குகிறது அல்லவா? அந்த இடத்தில்தான் இருக்கிறது, தைராய்டு சுரப்பி.

சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியைப்போல அது இருக்கும். அதன் எடை என்ன தெரியுமா? சுமார் 20 கிராம். ஓர் எலுமிச்சம்பழத்தின் எடைகூட இல்லை!

ஆனால் அதன் வேலை பெரிது. நம் உடம்பை ஓர் அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடுப்பு எவ்வளவு வேகமாக எரியவேண்டும் என்று சொல்வது இந்தச் சுரப்பிதான். இதில் ஊறும் தைராக்ஸின் என்ற சத்து ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் போகிறது. இதயத்தின் துடிப்பு, குடலின் அசைவு, உடம்பின் சூடு, பெண்களின் மாதவிலக்கு எல்லாம் அதன் சொல்லைக் கேட்டே நடக்கின்றன.

அடுப்பு தணிந்துபோனால் என்ன ஆகும்?

காலையில் எழுந்ததுமே அசதி. மற்றவர்களுக்கு வியர்க்கும்போது தனக்கு மட்டும் குளிர். மலச்சிக்கல். முடி கொட்டும். தோல் வறளும். முகம் ஊதும். எடை ஏறும். வைத்த சாமானை வைத்த இடம் மறக்கும்.

"எப்போது பார்த்தாலும் படுத்துக் கிடக்கிறாள். சுத்தச் சோம்பேறி!" என்று வீட்டில் ஏச்சு விழும்.

அது சோம்பல் அல்ல. நோய்!

வேலியே பயிரை மேய்கிறது

சுரப்பி ஏன் தணிகிறது? காரணங்கள் பல. இன்று நம் நாட்டில் டாக்டர்கள் அதிகமாகக் காணும் காரணம் ஒன்று உண்டு.

நம் ரத்தத்தில் ஒரு காவல் படை இருக்கிறது. நோய்க் கிருமி உள்ளே வந்தால் அடித்து விரட்டுவது அதன் வேலை. சிலருக்கு அந்தப் படை ஆள் தெரியாமல், சொந்தத் தைராய்டையே பகையாளி என்று நினைத்துத் தாக்கத் தொடங்குகிறது. வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அது இதுதான்! மெல்ல மெல்லச் சுரப்பி பழுதாகிறது. இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே பல மடங்கு அதிகமாக வருகிறது. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரக்கூடும்.

இந்த நோய்க்கு "ஹஷிமோட்டோ நோய்" என்று பெயர். இது ஒரு ஜப்பானிய டாக்டரின் பெயர்.

ஹக்காரு ஹஷிமோட்டோ 1881-ல் பிறந்தவர். ஃபுக்குவோக்கா நகரில் அறுவை மருத்துவம் பயின்றார். கழுத்து வீங்கிய நான்கு பெண்களுக்கு அறுவை செய்து எடுத்த சுரப்பிகளை அவர் பூதக்கண்ணாடியில் வைத்துச் சோதித்தார். அதுவரை யாரும் எழுதிவைக்காத மாறுதலை அவற்றில் கண்டார். 1912-ல் ஜெர்மன் மொழியில் அதை எழுதி வெளியிட்டார். பிறகு சொந்த ஊருக்குத் திரும்பி, அங்கேயே மக்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1934-ல் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார்.

அவர் கண்ட மாறுதலுக்குக் காரணம் என்ன? அது தெரிய இன்னும் 22 ஆண்டுகள் ஆயின. 1956-ல் லண்டன் டாக்டர்கள், இந்த நோயாளிகளின் ரத்தத்தில் சொந்தச் சுரப்பியையே தாக்கும் பொருள் இருப்பதைக் காட்டினார்கள். வேலி மேய்வது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

வறுத்த சுரப்பி

"இதற்குச் சாப்பாட்டில் மருந்து இல்லையா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி.

இருந்தது! அந்தக் கதையைக் கேளுங்கள்.

1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்ற டாக்டரிடம், தைராய்டு அடியோடு தணிந்துபோன ஒரு பெண் வந்தார். வயது 46. முகமும் கை கால்களும் ஊதி, பேச்சும் நடையும் மந்தமாகிப்போன நிலை. டாக்டர் மரே ஓர் ஆட்டின் தைராய்டு சுரப்பியை எடுத்துச் சாறாக்கி, ஊசியால் செலுத்தினார். அந்தப் பெண் தேறினார்! அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 74-வது வயதில்தான் இறந்தார்.

அடுத்த ஆண்டே, ஊசி வேண்டாம், சுரப்பியைத் தின்றாலே போதும் என்று வேறு டாக்டர்கள் கண்டார்கள். ஆட்டின் சுரப்பியை லேசாக வறுத்து நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள்.

அந்தச் சுரப்பிக்குள் இருந்த சத்து எது? 1914-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டால் என்ற விஞ்ஞானி அதைத் தனியே பிரித்து எடுத்தார். அதுதான் தைராக்ஸின். 1927-ல் அதைச் சோதனைச் சாலையிலேயே செய்யும் வழி பிறந்தது.

இன்று டாக்டர் எழுதித் தரும் சின்ன மாத்திரை அதுவேதான். உங்கள் உடம்பு செய்யத் தவறிய அதே சத்து. அது விஷம் அல்ல. போதையும் அல்ல. "ஒருதடவை தொட்டால் விடாது" என்று பயமுறுத்துகிறார்கள். சுரப்பி பழுதானதால் மாத்திரை தொடர்கிறது. மாத்திரையால் சுரப்பி பழுதாவதில்லை.

ஆகவே ஒன்றை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த நோய்க்குப் பலன் தந்த உணவு அந்தச் சுரப்பி ஒன்றுதான். அதன் சத்து இன்று மாத்திரைக்குள் இருக்கிறது. வேறு கீரையோ, கஷாயமோ, பொடியோ அதன் இடத்துக்கு வராது.

அப்படியானால் சாப்பாட்டில் கவனிக்க ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. எதைச் சாப்பிடுகிறோம் என்பதைவிட, எப்போது சாப்பிடுகிறோம் என்பது முக்கியம்!

ஒரு வாய்க் காப்பி

பல வீடுகளில் காலையில் நடக்கும் பேச்சு இது.

"இந்தா அம்மா, காப்பி ஆறுகிறது. எடுத்துக்கொள்."

"இல்லை அத்தை. இப்போதுதான் மாத்திரை போட்டேன். கொஞ்ச நேரம் ஆகட்டும்."

"ஒரு வாய் குடித்தால் என்ன ஆகிவிடப் போகிறது?"

என்ன ஆகும்? மாத்திரை வீணாகும்!

தைராக்ஸின் மாத்திரையின் எடை சிறிது. அதில் இருக்கும் மருந்தோ மில்லிகிராமில்கூட அல்ல, மைக்ரோகிராமில் அளக்கப்படுகிறது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு வைத்தால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். இவ்வளவு சிறிய அளவு, வெறும் வயிற்றில்தான் நன்றாக ரத்தத்தில் சேரும். வயிற்றில் வேறு பொருள் இருந்தால் அதோடு ஒட்டிக்கொண்டு வெளியேறிவிடும்.

2008-ல் இத்தாலி டாக்டர்கள் இதைச் சோதித்தார்கள். மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கச் சொல்லியும், காப்பியோடு விழுங்கச் சொல்லியும் ரத்தத்தை அளந்து பார்த்தார்கள். காப்பியோடு விழுங்கியபோது மருந்து குறைவாகச் சேர்ந்தது.

ஆகவே முறை இதுதான். காலையில் எழுந்ததும், பச்சைத் தண்ணீரோடு மாத்திரை. அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறு ஒன்றும் கூடாது. காப்பியும் அதற்குப் பிறகுதான். டீ, பால், சத்துமாவுக் கஞ்சி, எல்லாவற்றுக்கும் இதே விதி.

காலையில் முடியாதவர்கள், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். எந்த நேரமானாலும் தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும்.

இரும்புச் சத்து மாத்திரை, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்து, இவை தைராக்ஸினுக்குப் பகை. நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். கர்ப்பிணிகள் இதை மறக்கவே கூடாது. அவர்களுக்கு இரும்பும் சுண்ணாம்பும் கொடுக்கிறார்கள் அல்லவா? காலையில் தைராக்ஸின், மற்றவை பகல் சாப்பாட்டுக்குப் பின்னும் இரவிலும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

உப்பு: மருந்தா, நஞ்சா?

தைராக்ஸின் செய்யச் சுரப்பிக்கு அயோடின் வேண்டும். எவ்வளவு? வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம். எழுபது ஆண்டு கணக்குப் போட்டாலும் 4 கிராம்கூட வராது! கர்ப்பிணிகளுக்கு இன்னும் சற்று அதிகம், 250 மைக்ரோகிராம்.

அந்தச் சிட்டிகை கிடைக்காமல் இமயமலை அடிவாரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கழுத்து வீங்கித் தவித்தார்கள். 1956-ல் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் உப்பில் அயோடின் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் வீக்கம் குறைந்தது. அதைக் கண்டு 1962-ல் இந்திய அரசு இதற்கென ஒரு திட்டம் தொடங்கியது. இன்று நாம் சமையலுக்கு வாங்கும் உப்பில் அயோடின் இருப்பது அதனால்தான்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஒருசாரார், "அயோடின்தானே மருந்து? நிறையச் சாப்பிடு" என்கிறார்கள். மற்றொரு சாரார், "அயோடின் உப்பால்தான் இந்த நோய். இந்துப்புக்கு மாறு" என்கிறார்கள்.

இரண்டும் வேண்டாம்.

காங்க்ரா மக்களுக்கு வந்தது அயோடின் இல்லாத நோய். ஹஷிமோட்டோ நோய் காவல் படை தாக்கும் நோய். இரண்டும் வேறு. இந்த நோயில் அயோடினைக் கூட்டினால் சுரப்பி தேறாது. அளவுக்கு மிஞ்சினால் இன்னும் தணியக்கூடும். கொம்பு என்ற கடற்பாசியை ஜப்பானியர் விரும்பிச் சாப்பிடுவார்கள். அதில் அயோடின் மிக அதிகம். அதை நிறுத்தியதும் சிலருக்குச் சுரப்பி தானே தேறியதை அங்குள்ள டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே கடற்பாசி மாத்திரை, "தைராய்டு பொடி" என்று விற்பவை பக்கம் போகாதீர்கள்.

ஆனால் சாதாரண அயோடின் உப்பைச் சமையலுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதை நிறுத்தினால் வீட்டுக் குழந்தைகளுக்கும் சேர்த்து நிறுத்துகிறீர்கள். குழந்தையின் மூளை வளர அயோடின் வேண்டும். உப்பை மூடிவைத்த பாத்திரத்தில் வையுங்கள். இயன்றவரை சமையல் முடியும் தறுவாயில் போடுங்கள்.

முட்டைகோஸ் என்ன பாவம் செய்தது?

"தைராய்டா? முட்டைகோஸ் கூடாது, காலிபிளவர் கூடாது, முள்ளங்கி கூடாது!" இந்தப் பட்டியலைக் கேட்காத நோயாளி இல்லை.

இந்தக் காய்களில் அயோடின் சுரப்பிக்குள் போவதைத் தடுக்கும் பொருள் ஒன்று உண்டாகிறது. அது உண்மை. ஆனால் பச்சையாகக் கூடை கூடையாகத் தின்றால்தான் தொல்லை. வேகவைத்தால் அதன் வேகம் பெரிதும் குறைந்துவிடும். நாம் யாரும் முட்டைகோஸைப் பச்சையாக மலைமலையாகத் தின்பதில்லை. பொரியலும் கூட்டும்தான் செய்கிறோம். வாரம் இரண்டு நாள் முட்டைகோஸ் பொரியல் செய்தால் ஒன்றும் ஆகாது.

மரவள்ளிக் கிழங்கும் கம்பும் அப்படித்தான். அயோடின் கிடைக்காத ஊர்களில், மூன்று வேளையும் அதையே தின்ற மக்களுக்குத்தான் கழுத்து வீங்கியது. அயோடின் உப்புப் போட்டுச் சமைக்கும் வீட்டில், ஒரு நாள் கம்பங்கூழ் குடிப்பதால் பயம் இல்லை. ஒரே தானியத்தை மூன்று வேளையும் பிடித்துக்கொள்ளாமல் மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள்.

மீல் மேக்கர் என்று கடையில் விற்கும் சோயா உருண்டை? சோயா மாத்திரையை ரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கும். ஆகவே மாத்திரைக்குப் பக்கத்தில் வேண்டாம். பகல் குழம்பில் எப்போதாவது போட்டால் குற்றம் இல்லை.

கோதுமையை விடவேண்டுமா? கோதுமையில் உள்ள பசைப் பொருள் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத நோய் ஒன்று உண்டு. அந்த நோய் இருப்பவர்கள் கோதுமையை அடியோடு விடவேண்டும். தைராய்டு நோயாளிகளில் சிலருக்கு அதுவும் சேர்ந்து வருகிறது. ஓயாத வயிற்றுப்போக்கு, தீராத சோகை இருந்தால் டாக்டரிடம் சொல்லிச் சோதித்துக்கொள்ளுங்கள். இல்லாதவர்கள் சப்பாத்தியை ஏன் விடவேண்டும்?

செலினியம் என்ற சத்து மாத்திரையையும் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். அது சுரப்பிக்கு வேண்டிய சத்துத்தான். ஆனால் முட்டை, மீன், தானியம், பருப்பு எல்லாவற்றிலும் அது இருக்கிறது. மாத்திரையாக அளவுக்கு மீறித் தின்றால் முடி கொட்டும், நகம் உடையும். எதற்கு வீண் செலவு?

சோதனையைக் கெடுக்கும் மாத்திரை

முடி கொட்டுகிறது என்று பலர் பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இது சுரப்பியைக் கெடுப்பதில்லை. ஆனால் ரத்தச் சோதனையைக் கெடுக்கிறது! இருக்கும் நோய் இல்லாததுபோலவும், இல்லாத நோய் இருப்பதுபோலவும் காட்டிவிடும். 2017-ல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை இதைப்பற்றி எச்சரிக்கை விட்டது. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள்.

பட்டினி வேண்டாம்

எடை ஏறுகிறதே என்று பட்டினி கிடப்பவர்கள் உண்டு. இது பெரிய தவறு.

தைராய்டு தணிந்ததால் மட்டும் ஏறும் எடை, பெரும்பாலும் ஐந்து கிலோவுக்குள்தான். அதிலும் பெரும் பங்கு உடம்பில் தங்கும் உப்பும் நீரும். மாத்திரை சரியாகச் சேர்ந்தால் அந்த நீர் வடியும். மீதி எடைக்கு, மற்றவர்களைப்போல நடக்கவும் வேண்டும், அளவாகச் சாப்பிடவும் வேண்டும்.

ஒரு நாள் சாப்பாடு எப்படி இருக்கலாம்?

காலை எழுந்ததும்: தண்ணீரோடு மாத்திரை.

ஒரு மணி கழித்து: காப்பி. பிறகு இட்லி, சாம்பார்.

பதினொரு மணிக்கு: ஒரு கொய்யாப்பழம்.

பகல்: அளவாகச் சோறு, பருப்பு, கீரை, ஏதாவது ஒரு பொரியல், மோர். மீன் சாப்பிடுபவர்கள் மீன் குழம்பு.

மாலை: ஒரு கிண்ணம் சுண்டல்.

இரவு: தோசை அல்லது சப்பாத்தி. சுண்ணாம்புச் சத்து மாத்திரை இருந்தால் இதற்குப் பிறகு. படுக்கும்போது தைராக்ஸின் போடுபவர்கள் சுண்ணாம்பைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பார்த்தீர்களா? இதில் சீமைச் சரக்கு ஒன்றுமே இல்லை. வீட்டுக்கு ஓர் அடுப்பு, எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. கீரையும் கொய்யாவும் சுண்டலும் மலச்சிக்கலைத் தீர்க்கும். பருப்பும் மீனும் தசைக்கு வலுத் தரும்.

எப்போது டாக்டர்?

மாத்திரை தொடங்கினாலோ, அளவு மாறினாலோ, ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். என்ற ரத்தச் சோதனை செய்யவேண்டும். அளவு சரியானபின் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்கவேண்டும்.

கர்ப்பம் என்று தெரிந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். பெரும்பாலோருக்கு மாத்திரையின் அளவைக் கூட்டவேண்டியிருக்கும். வயிற்றுப் பிள்ளைக்கு முதல் மாதங்களில் தாயின் தைராக்ஸின்தான் ஆதாரம். "பிள்ளைக்கு ஆகாது" என்று யாராவது சொல்லி மாத்திரையை நிறுத்தினால், அதுதான் பிள்ளைக்கு ஆகாது!

நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை இருந்தால் மாத்திரையின் அளவு அதிகமாகியிருக்கலாம். நீங்களே குறைக்கவேண்டாம். காட்டிவிட்டுக் குறையுங்கள்.

மாத்திரைப் புட்டியை அடுப்பங்கரையில் வைக்காதீர்கள். சூடும் ஈரமும் வெளிச்சமும் மருந்தைக் கெடுக்கும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

பல வீடுகளில் முதலில் எழுபவள் அவள்தான். பால் காய்ச்சி, எல்லோருக்கும் காப்பி கலந்து, பிள்ளைகளுக்குச் சோறு கட்டி அனுப்பிவிட்டு, பத்து மணிக்கு மாத்திரை ஞாபகம் வரும். அதற்குள் இரண்டு டம்ளர் காப்பி உள்ளே போயிருக்கும். "சாப்பிட்டாகிவிட்டதே, நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டுவிடுவாள். இப்படியே வாரத்தில் நான்கு நாள் போகும். பிறகு, "மாத்திரை சாப்பிட்டும் குணம் இல்லை" என்று பத்தியம் தேடிப் புறப்படுவார்கள்.

இதற்குப் பத்தியம் தேவை இல்லை. இரவு படுக்கும்போதே அவள் தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீரும் மாத்திரையும் வையுங்கள். கண் விழித்ததும் முதல் வேலை அது. அன்றைய முதல் காப்பியை வேறு யாராவது கலக்கட்டும். அவளுக்கான டம்ளரை ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள்.

காசு செலவில்லாத வைத்தியம் இது. வீட்டில் இருக்கும் எவரும் செய்யலாம்.